விபத்து முடிந்து எட்டு மாதம், அதிர்ச்சி மட்டும் போகவில்லை: சரியான சிகிச்சையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் நத்தம் ரோட்டில் பைக் விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்த அவனுடைய நண்பன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டான். தம்பிக்குக் கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் தூக்கமே இல்லை. ஹாரன் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. அந்த ரோட்டுப் பக்கமே போவதில்லை, வேலைக்கும் போகவில்லை. ஒரு கவுன்சலரிடம் கூட்டிப்போனோம். முதல் நாளே "நடந்ததை ஒன்று விடாமல் சொல்" என்றார். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான். இனி யாரிடமும் வரமாட்டேன் என்கிறான். இன்னொரு டாக்டர் தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். யாரிடம் போவது? அதிகம் செலவழிக்கவும் வசதியில்லை. (திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா)

பதில்: உங்கள் தம்பி வரமாட்டேன் என்பதைப் பிடிவாதமாகப் பார்க்காதீர்கள். அன்றைக்கு நடந்த விதத்துக்கு அவர் அப்படிச் சொல்வது நியாயம்தான். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. நேரில் பார்ப்பவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். விபத்து நடந்த முதல் சில வாரங்கள் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் தானாகவே மீண்டுவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால்தான் சிகிச்சை தேவைப்படுகிறது. எட்டு மாதம் ஆகிவிட்டதால் இனியும் காத்திருக்க வேண்டாம். இது குணப்படுத்தக்கூடிய பிரச்சினை; நல்ல முறைகள் இருக்கின்றன.

அதற்கு முன் ஒரு விஷயம். விபத்தன்று தலையில் அடி பட்டதா, ஸ்கேன் எடுத்தார்களா என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். மறதி, தலைவலி, சட்டென்று வரும் கோபம் இவையெல்லாம் தலைக்காயத்தாலும் வரலாம். மன சிகிச்சைக்குப் போகும்போது அந்தக் காகிதத்தையும் கையில் கொண்டுபோங்கள்.

அடுத்து, போர்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எம்.டி. அல்லது டி.பி.எம். படித்த மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருந்து எழுதமாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். பொதுவாக எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை, ஆர்.சி.ஐ. இணையதளத்தில் சரிபார்க்கலாம். 'கவுன்சலர்' என்ற பெயருக்கு அப்படிக் கறாரான கட்டுப்பாடு நடைமுறையில் இல்லை. நல்ல பயிற்சி பெற்றவரும் அந்தப் போர்டு வைத்திருப்பார், சில வாரக் கோர்ஸ் முடித்தவரும் வைத்திருப்பார். அதனால் பட்டத்தோடு நிறுத்தாமல், அதிர்ச்சிக்கான சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

தம்பிக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இது: குணமாவதற்கு நடந்ததை ஒன்று விடாமல் விவரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பலன் நிரூபிக்கப்பட்ட முறைகள் சில இருக்கின்றன. காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி என்ற முறையில், "நான் வண்டியை மெதுவாக ஓட்டியிருந்தால் அவன் செத்திருக்க மாட்டான்" போன்ற எண்ணங்களை எடுத்துவைத்து ஆராய்வார்கள். பெரும்பாலும் 12 அமர்வுகள். விபத்தை விவரித்து எழுதாமலேயே இதைச் செய்ய முடியும். வண்டி ஓட்டியவர் பிழைத்து, நண்பர் இறந்துபோனபோது குற்ற உணர்ச்சிதான் பெரிய சுமையாக இருக்கும். அதனால் உங்கள் தம்பிக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். 1980களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சீன் ஷபீரோ உருவாக்கிய இ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனதில் வைத்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடரச் சொல்வார்கள். அதிலும் விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது முறை ப்ரொலாங்டு எக்ஸ்போஷர். இதில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும், ஒதுக்கிவைத்த ரோட்டுக்கும் படிப்படியாகப் போக வேண்டும். 8 முதல் 15 அமர்வுகள் ஆகலாம். ஆனால் அதில்கூட, என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம் என்று விளக்கி, சம்மதம் வாங்கி, மூச்சைச் சீராக்கும் பயிற்சியும் கொடுத்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் முதல் நாளே "எல்லாவற்றையும் கொட்டு" என்பது இந்த முறைகள் எதிலும் கிடையாது.

அதற்காக விபத்தின் பக்கமே போகாமல் மாதக்கணக்கில் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பவரும் வேண்டாம். கால் உடைந்தவரை முதல் நாளே நடக்கச் சொல்லமாட்டார்கள், ஆறு மாதம் கழித்தும் படுக்கையிலேயே வைத்திருக்கவும் மாட்டார்கள். சிகிச்சையின் நடுவே ஓரிரு நாள் மனம் கூடுதலாகக் கலங்குவது இயல்பு. நல்ல சிகிச்சையாளர் அதை முன்கூட்டியே சொல்லிவைப்பார்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன் போனில் ஐந்து நிமிடம் கேளுங்கள். "விபத்து அதிர்ச்சிக்கு நீங்கள் எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்? அதில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? சுமார் எத்தனை அமர்வு ஆகும்? முதல் நாள் என்ன செய்வீர்கள்? முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" முறையின் பெயரைச் சொல்லி, "முதல் ஒன்றிரண்டு தடவை பார்த்துவிட்டுத் திட்டம் சொல்கிறேன், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம்" என்று பதில் வந்தால் தைரியமாகப் போகலாம். "எல்லாம் சரியாகிவிடும், கூட்டிட்டு வாங்க" என்பதோடு முடித்தால், அல்லது கேட்டதற்கே எரிச்சல்பட்டால், வேறு ஆளைப் பாருங்கள். முன்பணமாகப் பெரிய தொகைக்குப் 'பேக்கேஜ்' கட்டச் சொல்பவரிடம் கட்டாதீர்கள். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் மனது ஒட்டவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். அது அவரை அவமதிப்பதாகாது.

செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையிலிருந்து ஆரம்பிப்பதுதான் என் யோசனை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலத் துறை உண்டு. கூட்டம் இருக்கும், ஒருவருக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஆனாலும் நோயை உறுதி செய்யவும் மருந்துக்கும் அது போதும். அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்டு வாரம் ஒரு நேரம் வாங்கப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பக்கத்தில் யாரைப் பார்க்கலாம் என்று அங்கேயும் கேட்கலாம். ஊரில் பயிற்சி பெற்றவர் இல்லாவிட்டால் சென்னையில் இருப்பவரிடம் வீடியோ காலில் சிகிச்சை எடுக்கலாம். வண்டியேறவே பயப்படுபவருக்கு ஆரம்பத்தில் அது வசதியும்கூட. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை கண்டிப்பாக வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவர் வாய் திறக்கமாட்டார்.

அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை. அல்பிரசோலம், குளோனாசெபம் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை; பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. ஆனால் நாள்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரே படிப்படியாகக் குறைக்கட்டும். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவை உதவும், பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். தூங்குவதற்காகக் குடிக்கிறாரா என்பதையும் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த இடத்தில் 'முனி அடித்துவிட்டது' என்று வீட்டில் யாராவது மந்திரிக்கக் கூட்டிப்போயிருக்கலாம். அதனால் வீட்டாருக்கு ஆறுதல் கிடைத்தால் இருக்கட்டும், சிகிச்சையாளரிடமும் மறைக்காதீர்கள். அடிப்பது, பட்டினி போடுவது மட்டும் கூடவே கூடாது. விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கோர்ட்டில் சாட்சி சொல்லும் நாள் அவருக்கு அந்த விபத்தே திரும்ப நடப்பது போலிருக்கும். அதற்கு முன்கூட்டியே தயார்ப்படுத்த வேண்டும்.

"அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம்" என்று அவர் சொல்லியிருக்கிறாரா? சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அப்படி ஆபத்து இல்லை, ஆனால் வர மட்டும் மறுக்கிறார் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். மனநலச் சட்டப்படி (2017) சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும், அதனால் அவர் சிகிச்சைக்கு வந்த பிறகு என்ன பேசினார் என்று பொதுவாக உங்களிடம் சொல்லமாட்டார்கள். ஆனால் வீட்டில் நீங்கள் பார்ப்பதைச் சொல்லத் தடையில்லை. அந்த ஆள் சரிப்படுவாரா என்று நீங்களே பார்த்துவிட்டு வந்து தம்பியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் போய்ப் பேசிட்டு வந்தேன். விபத்தப் பத்தி மொத நாள் கேக்கவே மாட்டாங்களாம். தூக்கத்துக்கு மட்டும் என்ன பண்ணலாம்னு கேட்டுட்டு வந்துரலாம், நானும் வெளிய உக்காந்திருக்கேன்."