கடலில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கான பேக்கப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

படகிலும் கப்பலிலும் இருப்பவர்கள் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் “எந்த டிரைவ் வாங்கலாம்?” என்றே தொடங்குகின்றன. நான் முதலில் திருப்பிக் கேட்பது, “இன்னொரு நகல் எங்கே இருக்கிறது?” என்றுதான். இந்த முறை வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

தங்குகடல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும்) படகு ஓட்டுகிறேன். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த பாயிண்டுகள் (மீன் கிடைக்கும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை) எல்லாம் ஜிபிஎஸ் மெஷினிலேயே இருக்கின்றன. மெஷின் போய்விட்டால்? (தூத்தூர்)

உங்கள் பாயிண்டுகளை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

கொச்சி தோப்பும்படியில் ஒரு ஸ்ராங்கு (படகோட்டி) தன் ஜிபிஎஸ்ஸைக் கைலியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். பின்பக்கப் பிளக்கைக் கழற்றினேன். பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. ஒன்று கையோடு ஒடிந்து வந்தது. உள்ளே போர்டில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் அதைச் சுரண்டிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நினைவில் இருந்த பாயிண்டுகளை ஒரு டீசல் பில்லின் பின்புறம் எழுதினார். ஆறு வந்தது. மெஷினில் இருந்தவை முந்நூறுக்கு மேல். அதை என்னால் உயிர்ப்பிக்க முடியவில்லை.

அவருடைய அப்பா காலத்தில் கரையில் தெரியும் மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் நேர்வைத்து, கணிச்சம் பார்த்து, பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்கு ஊரில் பலபேர் தலையில் இருந்தது. இப்போது அது ஒரே பெட்டிக்குள் இருக்கிறது.

இன்றைய மெஷின்கள் பலவற்றில் மெமரி கார்டு போட இடம் இருக்கும். பாயிண்டுகளைக் கார்டில் சேமித்து, கரைக்கு வந்ததும் கணினியில் நகலெடுங்கள். ஜிபிஎக்ஸ் (GPX என்ற பொதுவான கோப்பு வகை) வடிவில் எடுக்க முடிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வேறு கம்பெனி மெஷினுக்கு மாறினாலும் உதவும். கார்டு போட இடமில்லாத பழைய மெஷின் என்றால், பட்டியலைத் திரை திரையாகப் போனில் படம் எடுங்கள். நோட்டிலும் எழுதுங்கள். எழுதும்போது ஒரு எச்சரிக்கை: 8 டிகிரி 15.50 நிமிடம் வேறு, 8 டிகிரி 15 நிமிடம் 50 விநாடி வேறு. இரண்டுக்கும் இடையே சுமார் 600 மீட்டர் வித்தியாசம். சின்னப் பார் என்றால் வலை வேறெங்கோ விழும்.

பாயிண்டை யாரும் வெளியே விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நகலைக் கடைக்காரரிடம் விட்டுவைக்காதீர்கள். வீட்டில் கொடுத்து வையுங்கள்.

சரக்குக் கப்பலில் தேர்ட் எஞ்சினியர். கேபினில் வைத்துக்கொள்ள ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் ஊசி, சுழலும் தட்டுக்கு மேலே தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. கப்பல் உருளும்போது மேசையிலிருந்து சரிந்தால் அதோடு போயிற்று. எஸ்எஸ்டி சிப்பில் பதியும் டிரைவ்; அதில் அசையும் பாகமே கிடையாது.

ஆனால் எஸ்எஸ்டிக்கும் இரண்டு குறைகள் உண்டு. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் டக் டக்கென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று வேலை செய்யும், இன்று தெரியவே தெரியாது. இரண்டாவது, மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் பதிந்தது அழியலாம். ஜெடெக் (சிப் துறையின் தர அமைப்பு) அளவுகோலின்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருஷம் தாங்க வேண்டும். புதியது இதைவிட அதிக நாள் தாங்கும். சூடு கூடக் கூட நாள் குறையும். அதனால் எஞ்சின் கன்ட்ரோல் ரூம் டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை செருகி, நாலு கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

இரண்டு டிரைவ் வாங்குங்கள், வேறு வேறு கம்பெனியில். ஒன்று கேபினில், மற்றொன்று விடுப்பு முடிந்து கிளம்பும்போது வீட்டில். அடுத்த விடுப்பில் மாற்றிக்கொள்ளுங்கள். ஏசி கேபினிலிருந்து டெக்குக்கு எடுத்துப் போனால், அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் உடனே நீர் பூக்கும்.

லங்காவியில் பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறோம். படங்கள், வரைபடங்கள் எல்லாம் வைக்க நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லாரும் பகிரும் டிஸ்க் பெட்டி) வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பெரிய டிஸ்க் போட்ட நாஸ் 25 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது சுமார் 2 ஆம்பியர்; ஒரு நாளைக்கு 50 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக, ஒரு பேட்டரியை நாஸே குடித்துவிடும். எனக்கு இது சரியாகப் படவில்லை. தேவைப்படும்போது மட்டும் லேப்டாப்பில் செருகும் எஸ்எஸ்டி போதும்.

லேப்டாப் வழியாக நகலெடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் சரியும். படகு பேட்டரியில் நேராக மாட்டிய கணினி அப்போது எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் சிதையும். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் தப்பிக்கும்.

மின்னல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இடி மேகம் கூடினால் எல்லா வயரையும் கழற்றி, டிரைவையும் உபரிப் போனையும் அடுப்படி ஓவனுக்குள் வையுங்கள். நான்கு பக்கமும் உலோகம் சூழ்ந்த பெட்டி அது. ஓவன் இல்லையென்றால் மூடி இறுகிய பிஸ்கட் டின். மறந்தும் பிறகு ஓவனைப் பற்ற வைத்துவிடாதீர்கள்; கதவில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் ஏதாவது இருந்தால் காம்பஸ் பக்கத்தில் வைக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் காந்தம் ஊசியைத் திருப்பிவிடும்.

மெமரி கார்டு பில்ஜ் தண்ணீரில் (படகின் அடியில் தேங்கும் நீரில்) விழுந்துவிட்டது. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அரிசியை விட்டு எடுங்கள். உப்பை அரிசி எடுக்காது. நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அதன்பின் செருகி, முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளியே நகலெடுங்கள். பிறகு அந்தக் கார்டை நம்ப வேண்டாம்.

துறைமுகத்தில் நெட் கிடைக்கிறதே, எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டால் போதாதா?

ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) என்றால், 100 ஜிபி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கப்பல் கிளம்பிவிடும். 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தம், இயன்றவரை கப்பலிலேயே இணைய வசதி தரச் சொல்கிறது. அது வீட்டாரோடு பேசுவதற்கு நல்லது. படக் குவியலுக்குப் போதாது. சான்றிதழ், கணக்கு, ஜிபிஎக்ஸ் கோப்பு போன்ற சிறியவற்றைக் கிளவுடில் ஏற்றுங்கள். பெரியவை கைமாறிக் கரைக்குப் போகட்டும்.

என் கணவர் கப்பலில் இருக்கிறார். அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் அவர் லேப்டாப்பில்தான். நான் வீட்டில் எதை வைத்திருக்க வேண்டும்? (தூத்துக்குடி)

பாஸ்போர்ட், சிடிசி என்னும் கடலோடிப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள் (கடல் சேவை முத்திரைகள் உள்ளவை கட்டாயம்), சிஓசி (தகுதிச் சான்றிதழ்), எஸ்டிசிடபிள்யூ (கடலோடிப் பயிற்சி) சான்றிதழ்கள், இண்டோஸ் எண் (இந்தியக் கடலோடிகளின் பதிவு எண்), இப்போதைய வேலை ஒப்பந்தம், கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண். இவை ஒரு பென் டிரைவிலும், ஒரு கோப்புறையில் தாளாகவும் இருக்க வேண்டும். வங்கி, இன்சூரன்ஸ் நாமினி விவரங்களும் அதோடு.

டிரைவுக்குப் பாஸ்வேர்டு போடுவது நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டு அவர் தலையில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு கவரில் எழுதி ஒட்டி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

அடுத்த முறை அவர் பெட்டி கட்டும் நாளில், அவர் உதவியில்லாமல் நீங்களே அந்த டிரைவைத் திறந்து, சிடிசியில் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ, அதை அவர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் அவர் கையாலேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.