வாசகர் சட்டக் கேள்விகள்: களவு வழக்கில் கோட்டை விடும் இடங்கள்

கேள்வி: பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடு ஒன்றில் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் களவு போன வழக்கில் என் தம்பியைச் சேர்த்திருக்கிறார்கள். வக்கீலிடம் எதையெல்லாம் நினைவூட்டலாம்? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: களவு என்றைக்கு நடந்தது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மா. களவு நடந்த கொஞ்ச நாளுக்குள் பொருளை வைத்திருப்பவர், அது தன்னிடம் வந்த வழியைச் சொல்லாவிட்டால், திருடியவர் என்றோ தெரிந்தே வாங்கியவர் என்றோ நீதிமன்றம் அனுமானிக்கலாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு அது. ஆனால் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருக்க, நோன்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீட்டில் களவு நடந்த நாள் யாருக்குத் தெரியும்? வீட்டைக் கடைசியாகத் திறந்து பாத்திரங்களைப் பார்த்தது யார், எப்போது என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். இடைவெளி மாதக் கணக்கில் நீண்டால் அந்த அனுமானம் வலுவிழக்கும். இந்தக் கேள்வியே கேட்கப்படாமல் விசாரணை முடிந்துவிடுவதுதான் வேதனை.

அடுத்தது பாத்திரத்தில் பொறித்த விலாசம், அதாவது சொந்தக்காரரின் பெயரெழுத்துகள். முதல் தகவல் அறிக்கையில் வெறுமனே 'பாத்திரங்கள்' என்று இருந்து, பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் மட்டும் விலாச எழுத்துகள் முளைத்திருந்தால், புகாரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் 95-ஆம் படிவத்தில் கோர்ட் முத்திரைத் தேதியையும் பாருங்கள். கைப்பற்றிய தேதிக்கும் அதற்கும் நடுவே பொருள் எங்கே இருந்தது என்பதற்குக் காவல்துறை பதில் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சோதனை என்றால் வீடியோப் பதிவு எங்கே என்றும் கேட்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது.

போலீசிடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் முழுதாகச் சான்றாவணம் ஆக விடக் கூடாது. 'நான் திருடினேன், இன்ன கடையில் விற்றேன், கடையைக் காட்டுகிறேன்' என்று எழுதியிருந்தால், பொருள் கிடைக்க நேரடியாக வழிவிட்ட பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது. 'திருடினேன்' போய்விடும். 1946-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் வகுத்த இந்த வரம்பு, புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்கும் பொருந்தும். அந்தக் கடை போலீசுக்கு முன்பே தெரிந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்றே சொல்ல முடியாது.

கேள்வி: மின்னணுப் பதிவின் நகலுக்குத் தர வேண்டிய சான்றிதழ் இல்லாமலே, சிசிடிவி பதிவைப் பென்டிரைவில் சான்றாவணமாகக் குறியீடு செய்துவிட்டார்கள். அப்பீலில் ஆட்சேபிக்கலாமா? (இளம் வக்கீல், தேவகோட்டை)

பதில்: அங்கே முதன்முறையாக எழுப்பினால் எடுபடாது. சான்றிதழ் இல்லை என்பதைக் குறியீடு செய்யும்போதே ஆட்சேபித்திருக்க வேண்டும் என்று 2017-இல் சோனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணை முடியவில்லை என்றால் இன்றே எழுத்துமூலம் ஆட்சேபனையைப் பதிவு செய்யுங்கள். அசல் கருவியே கோர்ட்டுக்கு வராதபோது நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பது 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதியானது. இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி அதற்கு இரண்டு பாகம்: ஒன்று தாக்கல் செய்யும் தரப்பினர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. இரண்டிலும் உள்ள ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: போலீசிடம் சொல்லாததைச் சாட்சி கூண்டில் சொன்னார். அவரிடம் கேட்டால் போதாதா? (வாசகர், காரைக்குடி)

பதில்: போதாது. 'போலீசிடமும் சொன்னேன்' என்று சாட்சி சாதித்தால், அதே கேள்வியைப் புலனாய்வு அதிகாரியிடமும் கேட்டு, 'அப்படிச் சொல்லவில்லை' என்று பதிவாக வேண்டும். அதுவரை முரண்பாடு நிரூபணமாகாது.