வெங்காயத்தோலில் மைட்டோகாண்ட்ரியா தெரியுமா? செல் வகுப்பு சந்தேகங்கள்

வெங்காயத்தோல் ஸ்லைடைக் காட்டினால், பாதிப் பேர் கறுப்பு விளிம்பு போட்ட வட்டங்களை வரைந்துவிட்டு "இதுதான் செல்" என்கிறார்கள். என்ன செய்வது?

அவை காற்றுக் குமிழிகள். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே வெறுமை. கண்ணில் முதலில் படுவதும் அவைதான், பாவம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்! மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பைத் தொப்பென்று போடாமல், ஒரு விளிம்பை நீர்த்துளியில் தொட வைத்து, ஊசியால் தாங்கிச் சாய்வாக மெல்ல இறக்குங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். வெறும் தண்ணீரில் வேண்டுமென்றே குமிழி விட்டு ஒரு ஸ்லைடு செய்து, அதைத்தான் முதலில் காட்டுவேன். குமிழியை ஒருமுறை தெரிந்துகொண்டவர் அப்புறம் ஏமாறமாட்டார்.

சின்ன லென்ஸில் தெரிந்தது, பெரிய லென்ஸுக்கு மாற்றியதும் காணாமல் போகிறதே?

எங்கும் போகவில்லை, பார்வைப் பரப்புக்கு வெளியே நிற்கிறது. பள்ளி மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்கில் தெரியும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 4.5 மி.மீ. 400 மடங்கில் அது 0.45 மி.மீ.தான். பார்க்க வேண்டியதை வட்டத்தின் நடுவில் கொண்டுவந்த பிறகே லென்ஸை மாற்றச் சொல்லுங்கள். மாற்றியபின் பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னத் திருகு மட்டும். இந்த விதியை மறந்து நானே ஸ்லைடை 'டக்'கென்று உடைத்திருக்கிறேன், அதுவும் வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நகர்த்தும் பழக்கம் வர, செய்தித்தாளிலிருந்து 'ட' எழுத்தை வெட்டி வையுங்கள். இடப்பக்கம் நிற்கும் கோடு வலப்பக்கம் போயிருக்கும், அடிக்கோடு மேலே ஏறியிருக்கும். ஸ்லைடை வலப்புறம் தள்ளினால் பிம்பம் இடப்புறம் ஓடும். ஐந்து நிமிடம் இதோடு விளையாடவிட்டால் போதும், கை பழகிவிடும்.

தாவரச் செல்லில் பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை மணி) உண்டு என்கிறது பாடம். வெங்காயத்தில் காணோமே என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி, கேட்டவரைப் பாராட்டுங்கள். வெங்காயக் குமிழ் வெளிச்சம் படாமல் வளர்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யாத இடத்தில் பசுங்கணிகத்துக்கு என்ன வேலை? பச்சையைக் காட்ட ஹைட்ரில்லா இலை ஒன்றைத் தண்ணீரில் அப்படியே வையுங்கள். இரண்டே செல் அடுக்கு தடிமன் என்பதால் வெட்டவே தேவையில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் பச்சை மணிகள் செல் சுவரை ஒட்டி வரிசையாக நகர்வதையும் பார்க்கலாம். செல் என்பது படமில்லை, உயிருள்ளது என்பதை நான் எத்தனை சொன்னாலும் இதைப் போல வராது.

செல்லை முதலில் பார்த்தவர் ராபர்ட் ஹூக் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஒரு திருத்தத்தோடு. 1665-இல் அவர் வெளியிட்டது தக்கையில் கண்ட காலி அறைகளை, அதாவது இறந்த செல்களின் சுவர்களை. உயிரோடு நீந்தும் ஒற்றைச் செல் உயிரிகளை 1670-களில் பார்த்து எழுதியவர் லீவன்ஹூக். அவர் கையில் இருந்தது ஒற்றை லென்ஸ்தான்.

கன்னத்தின் உட்புறச் செல்லை எடுக்கலாமா?

பள்ளி அனுமதித்தால் எடுக்கலாம். ஆளுக்கொரு புதிய பஞ்சுக்குச்சி, பயன்படுத்தியதும் நேரே கிருமிநாசினிக்குள். நிறமேற்ற மெத்திலீன் நீலம்.

நான் மதிப்பெண் போடும்போது குழம்புகிறேன். வெங்காயச் செல் படத்தில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) எல்லாம் வரைந்திருக்கிறார்கள்.

அது பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. அயோடின் போட்ட வெங்காயத்தோலில் பள்ளி மைக்ரோஸ்கோப் காட்டுவது செல் சுவர், உட்கரு, மங்கலான சைட்டோபிளாசம் (செல்லுக்குள் இருக்கும் கூழ்), அவ்வளவுதான். சில செல்களில் உட்கருவே கண்ணில் படாது. அப்படியே வரைந்தவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அழகாக மைட்டோகாண்ட்ரியா வரைந்தவரைக் கூப்பிட்டு, "எங்கே, எனக்கும் காட்டு" என்று கேட்டு ஐபீஸை அவர் பக்கம் திருப்புங்கள்.