சேவைப் பக்கத்தைத் திருத்தியும் மக்கள் பழைய கட்டணத்தோடு வருகிறார்கள்: பதில்

உங்கள் அரசு அலுவலக இணையதளத்தில் சேவைப் பக்கத்தைத் திருத்திய பிறகும் மக்கள் பழைய கட்டணத்தோடு வருவதாகக் கேட்டிருந்தீர்கள். கட்டணத் தொகை ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். கேள்வி-பதில், படிவங்கள், முகப்பு அறிவிப்பு எல்லாவற்றிலும் தொகையை எடுத்துவிட்டு, "சான்றிதழ் கட்டணம்" என்று அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். "இங்கே கிளிக் செய்யவும்" வேண்டவே வேண்டாம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் இணைப்புகளை மட்டும் வரிசையாகப் படிக்கும்போது, பார்வையற்றவருக்கு அதிலிருந்து ஒன்றுமே புரியாது.

பழைய தொகை இன்னும் சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய பிடிஎஃப். மெனுவிலிருந்து எடுத்தாலும், கோப்பு சர்வரில் இருக்கும்வரை கூகுள் தேடலில் வரலாம்.

அத்தகைய கோப்புகளைக் கண்டுபிடிக்க, சேவையின் பெயரையும் பழைய தொகையையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்த கோப்புகள் இதில் சிக்காமல் போகலாம். அவற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கிடைக்கும் பழைய கோப்புகளை சர்வரிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆனால் பழைய கட்டணத்தைச் சொல்லும் அரசாணையை மட்டும் அழித்துவிடாதீர்கள், அது ஆவணம். இணைப்புக்குப் பக்கத்திலேயே "நடைமுறையில் இல்லை" என்று தேதியுடன் எழுதுங்கள். மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்றால் குழப்பம்தான்.