மத்தளக்காரருக்குக் குடல் புற்றுநோய்: கழகத்தில் மற்றவர்களும் சோதிக்க வேண்டுமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்துக் கூத்துக் கழகத்தைச் சேர்ந்தவன். வயது 47. எங்களில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தொழில். கூத்து ஆசைக்கு ஆடுவது. வயல் அறுத்து முடிந்ததும் இரவிரவாகப் பழகுவோம். எங்கள் மத்தளக்காரருக்கு 52 வயது. அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து அண்மையில் ஒப்பரேசன் செய்தார்கள். இப்போது மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருக்கிறார். ஒரு வருடமாகவே மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து யாருக்கும் சொல்லவில்லை. கழகத்தில் 40 வயது தாண்டியவர்கள் இருபது பேர் வரை இருக்கிறோம். எல்லாரும் சோதிக்க வேண்டுமா? என்ன சோதனை? நான் பேச்செடுத்தால் “எனக்கென்ன மனே, நல்லாத்தானே இருக்கன்” என்று சிரிக்கிறார்கள். ஒரு முகாம் வைத்து எல்லாருக்கும் ஒரே நாளில் செய்துவிடலாமா? அவர் திரும்பவும் மத்தளம் அடிக்கலாமா?

பதில்: முகாம் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இருபது பேருக்குள் யார் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே சோதனை பொருந்தாது.

உங்கள் மத்தளக்காரரைப் போல ஏற்கெனவே அறிகுறி இருந்தும் வாய் திறக்காதவர்கள் உங்களுக்குள் இருக்கக்கூடும். மலத்தில் இரத்தம், சில வாரங்களாகவே வெளிக்குப் போகும் வழக்கம் மாறியிருப்பது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, விட்டு விட்டு வரும் வயிற்று வலி. இதில் எது இருந்தாலும் அவருக்கு, அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும் முன்கூட்டிய சோதனை என்ற பேச்சே கிடையாது. அவர் நேரே வைத்தியரிடம் போக வேண்டும். முகாமில் ஒரு மலப் பரிசோதனை செய்து, அதில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வருடம் சும்மா இருந்துவிடுவார். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

மூலம் நம் ஊரில் எல்லாவற்றையும் மூடி வைக்கும் ஒரு சாட்டு. “சூட்டுக்குப் போகுது” என்று இளநீர் குடிப்பார்கள், பார்மசியில் ஒரு களிம்பு வாங்குவார்கள், இரத்தம் ஒரு மாதம் நிற்கும், விசயம் மறந்துவிடும். மூலம் இருப்பவருக்குக் குடலில் கட்டி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். 40 வயதுக்கு மேல் இரத்தம் கண்டால் அது மூலம்தான் என்று வைத்தியர் சோதித்துச் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, கூத்தாடுகிறவர்களுக்கென்றே சொல்கிறேன். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி வந்தால் இரத்தம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரத்தசோகையாக முடியும். போன வருடம் விடிய விடிய ஆடியவர் இந்த வருடம் ஒரு தரு (கூத்துப் பாட்டு) முடிவதற்குள் மூச்சு வாங்குகிறார் என்றால், “வயசு போகுது” என்று கிண்டல் பண்ணி விட்டுவிடாதீர்கள். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும், ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆண் ஒருவருக்கு இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை இருந்தால், வெறும் இரும்புக் குளிசை கொடுத்து அனுப்பக் கூடாது. இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அப்படித்தான்.

அடுத்தது சொந்தம். இந்த நோய் தொற்றாது. அவரோடு ஒரே கூத்துக் களரியில் ஆடியதால் உங்களுக்கு ஆபத்து அதிகரிக்காது. ஆனால் கிராமத்துக் கழகம் என்றால் பாதிப்பேர் உறவுக்காரராகத்தான் இருப்பீர்கள். அவரோடு கூடப்பிறந்தவர்கள், அவருடைய பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும் கணக்கு வேறு. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளையும் நாம் அண்ணன் தம்பி என்றே சொல்வோம். அவர்கள் இந்தக் கணக்கில் நேரே வரமாட்டார்கள். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். அவருக்கு 52 வயதில் கண்டதால் பத்தைக் கழித்தால் 42. ஆகவே 40 தான். இவர்களுக்கு மலப் பரிசோதனையை விட, கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிதான் பொருத்தம்.

இனி மீதிப்பேர். அறிகுறியும் இல்லை, குடும்பத்தில் நெருங்கிய யாருக்கும் இல்லை, “நல்லாத்தானே இருக்கன்” என்கிறவர்கள். முன்கூட்டிய சோதனை என்று ஒன்றை உண்டாக்கியதே நல்லாயிருக்கிற இவர்களுக்காகத்தான். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பொலிப் என்னும் சின்னச் சதை வளர்ச்சியாகத் தொடங்கும். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் அளவில் எடுக்கும். எல்லாப் பொலிப்பும் மாறாது; மாறப்போவது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தப் பத்து வருடமும் ஆள் நல்லாத்தான் இருப்பார், ஆடுவார், உழுவார். அந்த இடைவெளியில் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். புற்றாகிவிட்டாலும் குடலுக்குள்ளேயே நிற்கும்போது பிடித்தால், அமெரிக்கக் கணக்கின்படி, பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள். மற்ற உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது தலைகீழாகிவிடுகிறது.

எந்த வயதில் தொடங்குவது? அமெரிக்காவில் 50 என்று இருந்ததை 2021இல் 45 ஆக இறக்கினார்கள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைப் பெட்டி தபாலில் வீட்டுக்கே வருகிறது. லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நமக்கு அப்படி எதுவும் கதவைத் தட்டி வருவதில்லை. நாமே போய்க் கேட்க வேண்டும். 47 வயதில் நீங்கள் தொடங்கலாம். 75 தாண்டிய பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம், அவர்களின் உடல்நிலையைப் பார்த்து வைத்தியர் முடிவு செய்யட்டும். வீட்டில் இருக்கும் பெண்களையும் மறக்காதீர்கள். இலங்கையில் ஆண், பெண் இருபாலாரிலும் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

சோதனை இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் எப்.ஐ.டி. என்னும் புதிய முறையையே கேளுங்கள். பழைய முறையில் சில நாட்களுக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, விற்றமின் சி மாத்திரை எல்லாம் தவிர்க்க வேண்டும், எப்.ஐ.டி.க்குப் பத்தியம் இல்லை. வீட்டிலேயே குச்சியால் கொஞ்சம் எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுப்பதுதான். ஒரு எச்சரிக்கை: வெயில் சூட்டில் இரத்தத்தின் புரதம் சிதைந்து, இருக்கிற இரத்தம் இல்லை என்று காட்டலாம். மட்டக்களப்பு வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் குழாயை வைத்துவிட்டு ஊர்ச்சோலி எல்லாம் முடித்து மாலையில் ஆய்வுகூடத்துக்குப் போனால் காசு வீண். காலையில் எடுத்து நேரே கொண்டு போய்க் கொடுங்கள்.

ஒரு தடவை செய்யும் எப்.ஐ.டி., புற்றுநோய் உள்ள நாலு பேரில் ஏறத்தாழ ஒருவரைத் தவற விடும். அதனால் ஒன்றுமில்லை என்று வந்தாலும் வருடா வருடம் செய்ய வேண்டும். இரத்தம் இருக்கிறது என்று வந்தால் பயந்து நடுங்கவும் வேண்டாம், “இன்னொருக்காச் செய்து பார்ப்போம்” என்று திரும்பச் செய்யவும் வேண்டாம். அப்படி வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் அடுத்த படி கொலனோஸ்கோப்பி மட்டுமே.

இடையில் ஒன்று. “கேன்சர் மார்க்கர்” என்று இரத்தத்தில் சி.ஈ.ஏ. பார்ப்பதும், வயிற்றை ஸ்கேன் பண்ணுவதும் இதற்கு உதவாது. சி.ஈ.ஏ. என்பது நோய் உள்ளவரைச் சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கும் சோதனை. ஆரம்பப் பொலிப்பை அது காட்டாது, வயிற்று ஸ்கேனும் காட்டாது. பல சோதனைகளைச் சேர்த்த பெரிய பொதிக்குக் கட்டணம் கட்டி, ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டாவது வகை கொலனோஸ்கோப்பி. எல்லாம் சரி என்றால் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மறுபடி தேவையில்லை. கமராவோடு கூடிய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விடுவார்கள், அரை மணி நேர வேலை, மயக்கம் வரும் ஊசி போடுவார்கள், பொலிப் கண்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டும்போது வலி தெரியாது. குடல் துளைபடும் ஆபத்து இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. அமெரிக்கத் தரவுப்படி பத்தாயிரத்தில் மூன்று பேர் அளவு.

களரியில் வீமனாக வந்து பந்தல் அதிர ஆடுகிறவர்தான் கமரா என்றதும் முதலில் பின்வாங்குவார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. உண்மையில் சிரமம் கமராவில் இல்லை, முதல்நாள் குடிக்கும் மருந்தில் இருக்கிறது. லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும், குடல் தண்ணீராகக் கழுவும் வரை கக்கூசை விட்டு நகர முடியாது. நாலு பேருக்கு ஒரு கக்கூஸ் உள்ள வீட்டில் இது பெரிய விசயம். முன்பே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள், அல்லது டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். மருந்தில் பாதியைக் கமரா விடும் அன்று காலையிலும் குடிக்கச் சொல்வார்கள். அந்த நிலையில் படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவதை யோசித்துப் பாருங்கள். பால் சேர்க்காத தேத்தண்ணி, இளநீர், வடித்த சூப் குடிக்கலாம். சிவப்பு நிறச் சர்பத் வேண்டாம், உள்ளே இரத்தம் போலத் தெரியும். இரும்புக் குளிசையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும், சீனி வருத்தக்காரரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட அன்று வாகனம் ஓட்டக் கூடாது, ஆகவே கூட ஒரு ஆள் வேண்டும்.

அந்தக் கூட ஒரு ஆள்தான் உங்கள் கழகம் செய்யக்கூடிய பெரிய உதவி. போலந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில் செய்து 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கொலனோஸ்கோப்பிக்கு வாருங்கள் என்று அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் போனார்கள். எல்லா வசதியும் உள்ள நாடுகளிலேயே அழைப்பு மட்டும் போதவில்லை. நீங்கள் பழகும் இடத்தில் நின்று பிரசங்கம் பண்ணினால் சிரிக்கத்தான் செய்வார்கள். உங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சோதனை வயதுக்குள் இருந்தால் அவரை முதலில் போகச் சொல்லுங்கள். அவர் சொல்லுக்கு ஆடிப் பழகியவர்கள் இதற்கும் ஆடுவார்கள். பிறகு இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள்: இவர் போகும் நாளில் அவர் கூடப் போவார், அடுத்த மாதம் மாறி. கூத்து அரங்கேறும் மாதத்தில் யாரும் போகமாட்டார்கள், அதனால் சட்டம் கொடுக்கும் (ஆட்டக்காரருக்குப் பாட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும்) நாளுக்கு முன்பே முடிக்கப் பாருங்கள்.

சோதனை முடிவு அவரவர் சொந்த விசயம். கழக வட்ஸ்அப்பில் யாருடைய ரிப்போர்ட்டும் வரக்கூடாது. மத்தளக்காரர் தன் கதையைத் தானே சொல்ல விரும்பினால் சொல்லட்டும். அவரை உதாரணம் காட்டி மற்றவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

முகாமுக்கு வருவோம். இருபது குழாய் சேகரிப்பது லேசு. அதில் ஒன்றோ இரண்டோ இரத்தம் உண்டு என்று வந்தால் அவர்களுக்கு யார், எங்கே, எத்தனை நாளில் கமரா விடுவது? அதற்குப் பதில் இல்லாமல் சோதனையைத் தொடங்குவது பாதிக் கூத்தில் விளக்கை அணைத்த மாதிரி. முதலில் உங்கள் பகுதி வைத்தியசாலை வைத்தியரையோ சுகாதார வைத்திய அதிகாரியையோ கண்டு பேசுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கும் வழி, காத்திருக்கும் காலம் எல்லாம் தெரிந்துகொண்டு பிறகு திகதி குறியுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அம்பாறை மாவட்டக் கழகங்களுக்குக் கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகள் கிட்ட.

அப்படி ஒருநாள் வைத்தால், வெற்றிலை வட்டாவைச் சுற்றி உட்காருகிறவர்களின் வாயையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். இலங்கை ஆண்களுக்குக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலைதான் அதற்கு முக்கிய காரணம். டோர்ச் லைட் ஒன்றும் இரண்டு நிமிடமும் போதும். சாராயம், சிகரெட், வயிற்றுக் கொழுப்பு, தினமும் இறைச்சி, சொசேஜ் வகையறா ஆகியவை குடலுக்கும் ஆகாதவை, குறைத்தால் நல்லது. ஆனால் குரக்கனும் கீரையும் சாப்பிடுகிறேன் என்பதற்காகச் சோதனையை விட முடியாது.

உங்கள் மத்தளக்காரர் பற்றி. பை வைத்தவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நீந்துகிறார்கள், ஆடுகிறார்கள். சிலருக்கு அந்தப் பை தற்காலிகம்தான், பிறகு குடலைத் திரும்ப இணைப்பார்கள். அவருக்கு எது என்று சத்திரசிகிச்சை நிபுணரைக் கேளுங்கள். ஆனால் மத்தளத்தை இடுப்பில் கட்டி நின்று அடிப்பது வேறு விசயம். பாரம் வயிற்றை இழுக்கும், பை பொருத்தக் குடலை வெளியே எடுத்த குடல்வாய் உள்ள இடத்தை மத்தளமே அழுத்தும், பக்கத்தில் குடலிறக்கம் வரலாம். முதல் இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்கவே கூடாது. கீமோதெரப்பி அவருக்கு இருந்தால், அது முடியும் வரை களைப்பும் இருக்கும். அதுவரை உட்கார்ந்து சல்லரி (தாளம்) போடலாம், பிற்பாட்டுப் பாடலாம். பிறகு வைத்தியர் சரி என்றால், வயிற்றுக்கான தாங்கு பட்டி போட்டு, மத்தளத்தை மடியில் படாமல் ஒரு தாங்கியில் வைத்து உட்கார்ந்தே அடிக்கத் தொடங்கட்டும். கிளினிக்குக்குப் போகும்போது மத்தளத்தின் ஒரு படத்தையும் போனில் கொண்டு போகச் சொல்லுங்கள். எவ்வளவு பாரம், எங்கே கட்டுவது என்று காட்டிக் கேட்டால்தான் வைத்தியருக்கும் சரியாகச் சொல்ல வரும்.