சர்க்கரை வந்த முதல் மூன்று மாதம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: நான் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியை, வயது 46. சென்ற மாதம் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. ஆய்வகத்தில் மறுபடி பார்த்ததில் வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 262, எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.4 சதவீதம். மருத்துவர் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் போடச் சொன்னார். "மாத்திரையைத் தொட்டால் பிறகு விடவே முடியாது, கிட்னி போய்விடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் இன்னும் தொடங்கவில்லை. ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறேன். சோற்றை அடியோடு நிறுத்திவிட்டுக் காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் இரவில் சப்பாத்தியும் சாப்பிடுகிறேன். என் அப்பாவுக்கு இதே நோயில்தான் காலை எடுத்தார்கள். படுத்தால் அதுவே கண்முன் நிற்கிறது. இனிப்பு அதிகம் தின்னாத எனக்கு இது ஏன் வந்தது?
- வாசகி, தென்காசி

பதில்: சகோதரி, உங்களைத் தூங்கவிடாத விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். சர்க்கரை நோய் ஒரே நாளில் யாருடைய காலையும் எடுப்பதில்லை. பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரையால் பாதத்தின் உணர்வு மழுங்கி, ரத்த ஓட்டமும் குறைந்து, முள் குத்தியதோ செருப்பு கடித்ததோ தெரியாமலே புண் ஆழமாகிச் சீழ் பிடித்த பிறகுதான் அந்த நிலை வருகிறது. இந்த வரிசையின் எந்த இடத்திலும் அதை மறிக்க முடியும். இரவில் படுக்குமுன் இரு பாதங்களையும் விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு இருந்ததே பெரிய காரணம். நம் நாட்டவர்க்கு உடல் பருமன் அதிகம் இல்லாமலே, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பாலும் இந்நோய் வருகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனாலே எச்சரிக்கை என்று கொள்வது அதனால்தான். கணையம் இன்சுலினைச் சுரந்தும் கல்லீரலும் தசையும் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஈடுகட்ட உழைத்து உழைத்துக் கணையமும் தளர்ந்துவிடுகிறது. நீங்கள் தின்ற லட்டுக் கணக்கை வைத்து உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். இரவு முழுதும் எதுவும் உண்ணாமல் எழுந்தும் 168 எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? கல்லீரல் தன் கையிருப்பிலிருந்தும் புதிதாகத் தயாரித்தும் அளவுக்கு மீறிச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. மெட்ஃபார்மின் முதன்மையாக அதைத்தான் அடக்குகிறது. 1957 முதல் மனிதர்க்குக் கொடுக்கப்பட்டுவரும் பழைய மருந்து இது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமுமே. ஏற்கெனவே சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்களுக்கு இம்மாத்திரையைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். தொடக்கத்தில் வயிறு பொருமலாம், பேதியாகலாம். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் இடையிடையே அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவாரம்பூவை மருந்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். குடிப்பதானால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உணவில்தான் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கும்போது மெல்லும் வேலையே இல்லாமல் விரைவில் சர்க்கரையாகிவிடுகிறது. நான்கு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் ரத்தத்தில் போய்ச் செய்யும் காரியத்தில் அப்படியொன்றும் பெரிய வேறுபாடு கிடையாது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் சர்க்கரைதான். சோற்றை ஒழிப்பதைவிடத் தட்டில் அதன் இடத்தைக் குறைப்பது நீடிக்கும்: பாதித் தட்டு கீரை, பொரியல், கூட்டு, கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன் அல்லது முட்டை, மீதிக் கால் பங்குதான் சோறு. காயை முதலிலும் சோற்றைக் கடைசியிலும் உண்டு பாருங்கள்.

என் சொல்லையும் நம்ப வேண்டாம், குளுக்கோமீட்டரைக் கேளுங்கள். ஒருநாள் கஞ்சி, மறுநாள் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மூன்றாம் நாள் இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை. ஒவ்வொரு நாளும் சாப்பிடுமுன் ஒருமுறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி கழித்து ஒருமுறை என்று பார்த்துப் பழைய நோட்டு ஒன்றில் எழுதுங்கள். பொதுவாகச் சாப்பிடுமுன் 80 முதல் 130, பின் 180க்குள் என்பது இலக்கு. எந்தக் காலை உணவு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அந்த நோட்டே சொல்லும். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் பார்த்துவிட்டு 300 என்று பதறி ஓடிவந்தவர்கள் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுப் பார்த்தால் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதும் தெரியும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பிடிபடுமுன்பே சில ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கக்கூடும் என்பதால், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பதையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் அல்புமின், ரத்தக் கிரியாட்டினின் ஆகியவற்றையும், ரத்தக் கொழுப்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். ஆகவே அது சீராகும்வரை புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்குமுன் பார்ப்பது பெரும்பாலும் வீண் செலவு. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது, அந்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் இந்த எண் கூட்டிக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பள்ளியில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். ஆசிரியர் அறையில் லட்டு வரும்போதெல்லாம் புதுப் பொய் தேடுவது களைப்பான வேலை.

கேள்வி: "90 நாளில் சர்க்கரை நோயை விரட்டலாம்" என்று விளம்பரங்கள் வருகின்றன. உண்மையிலேயே குணமாகுமா? எனக்கு 38 வயது. எடை 94 கிலோ.
- வாசகர், ஆவடி

பதில்: பொய்யில் கொஞ்சம் மெய் கலந்திருப்பதால்தான் அந்த விளம்பரங்கள் விலைபோகின்றன. 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, எடை மிகுந்தவர்களுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே கொடுத்து மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மாத்திரையின்றியே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இதைக் 'குணம்' என்பதைவிடத் 'தணிவு' என்பதே பொருந்தும். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பிவிடுகிறது. ஆண்டுதோறும் பரிசோதனையை விட முடியாது. உங்கள் வயதுக்கும் எடைக்கும் முயன்று பார்க்கத்தக்க வழிதான். ஆனால் கிளிமிபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே உணவைக் குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய் மயக்கம் வரலாம் என்பதால், மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை வீரியம் குறைந்தது என்கிறார்களே?
- வாசகர், அரியலூர்

பதில்: அதே மெட்ஃபார்மின்தான், அட்டையின் மினுமினுப்பு மட்டுமே குறைவு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்துகளின் மாதிரிகள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே அனுப்பப்படுகின்றன. நடந்துபோக முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும்.