ஓலைச் சாய்ப்புக்குக் கீழே கிரில் வேண்டாம்

மண்டபம் பக்கம் வீட்டுக் கொல்லையில், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே, சுவரிலிருந்து நாலடி தள்ளிக் கரி கிரில் வைத்து மீன் சுடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. காய்ந்த பனையோலைக்கு ஒரு பொறி போதும். அதுவும் ஆடிக் காற்றில் பொறி மேலே போகாது, படுக்கையாகப் பறந்து வேலி இடுக்கில் விழுந்து, நீங்கள் மீனைத் திருப்பிப் போடுவதற்குள் புகைய ஆரம்பித்துவிடும்.

குறைந்தது 10 அடி தள்ளி, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத வெட்டவெளியில், பொறி வீட்டுப் பக்கம் பறக்காத திசையாகப் பார்த்து வையுங்கள். காற்று பலமாக அடித்தால் அன்றைக்குச் சட்டியில் பொரித்துக்கொள்ளலாம். நம்மூர் சீமைக்கருவேலக் கரி நின்று எரியும், ஆனால் கரி சுடும் மூட்டத்தில் அரைகுறையாக வெந்த கட்டை கலந்திருந்தால் புகைந்து தெறிக்கும், அதைப் பொறுக்கிவிடுங்கள். பற்றிய கரியில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது.

அப்புறம் சாம்பல். எங்கள் வீட்டில் ஒருநாள் ராத்திரி, அணைந்த மாதிரிதான் இருந்தது, வேலியோரம் கொட்டிவிட்டோம். விடிந்து பார்த்தால் ஓலை முழங்கால் உயரத்துக்குக் கருகியிருந்தது. வெள்ளைச் சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரைகூட உயிரோடு இருக்கும். மூடி போட்ட தகர வாளியில், வெட்டவெளியிலேயே இரண்டு நாள் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் இருக்கட்டும். மழை வந்தாலும் கிரிலை வீட்டுக்குள் தூக்கிப் போகாதீர்கள், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. கைமீறினால் உடனே தீயணைப்புக்கு 101.